கழுத்துக்குள் ஒலிக்கும் பொய் அபாயமணி

கழுத்தில் கட்டி என்று சென்றவரிடம், ஊசியால் திசு எடுத்துப் பார்க்காமலேயே மருத்துவர் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசியது சரிதானா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பெரும்பாலான கழுத்துக் கட்டிகளுக்கு ஊசிச் சோதனை வழக்கமானதுதான். ஆனால் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனியருகே தோன்றும் கரோட்டிட் கட்டி என்னும் அரிய வகை, இரத்தக் குழாய்கள் மிக நிறைந்தது என்பதால், ஊசி குத்தினால் இரத்தம் பீறிடும் அபாயம் உண்டு. பக்கவாட்டில் நகரும், மேலும் கீழும் நகராது என்ற தொடுகுறியும், இரண்டாகக் கிளைக்கும் தமனியை அகல விரித்துக்காட்டும் ஸ்கேன் படமும் பெரும்பாலும் போதுமானவை.

அந்தத் தமனிக் கிளையில், அரிசிமணி அளவில், இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் ஓர் உறுப்பு இருக்கிறது. அதன் பணியை ஆராய்ந்த கொர்னெய் ஹேமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆண்டிஸ் மலையின் உயர்ந்த பகுதிகளில், காற்றில் ஆக்சிஜன் குறைவாக உள்ள இடங்களில் வாழ்வோருக்கு இவ்வுறுப்பு பெரிதாகிறது. இவ்வுறுப்பிலிருந்து எழும் இந்தக் கட்டியும் அவர்களிடம் கூடுதலாகத் தோன்றுகிறது.

சமவெளியில் வாழ்பவருக்கு ஏன் வருகிறது? என்னை வியக்கவைப்பது இதற்கான விடைதான். ஆக்சிஜன் குறைந்தால் புதிய இரத்தக் குழாய்களை வளர்க்கச் சொல்லும் ஹிஃப் என்ற புரதம் நம் செல்களில் ஓயாமல் உருவாகிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்வரை, சில நொதிகள் அதற்கு அழிவு முத்திரை குத்திக்கொண்டே இருக்கின்றன. செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில், சக்சினேட் என்ற வேதிப்பொருளை வேறொன்றாக மாற்றும் நொதியின் மரபணு பழுதானால், தேங்கும் சக்சினேட் அந்த முத்திரைக்காரர்களை முடக்கிவிடுகிறது. ஆக்சிஜன் நிறைந்திருந்தும், செல் மூச்சுமுட்டுவதாகவே நம்பிக் குழாய்களைப் பெருக்குகிறது. இதே ஹிஃப் புரதத்தைப் பற்றிய அறிவு, அரிய பரம்பரைப் புற்றுநோய் ஒன்றின் ஆய்வாலும் வளர்ந்து, 2019இல் நோபல் பெற்றது. சிலருக்கே வரும் நோய்க்கு நிதி எதற்கு என்று கேட்பவர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

கட்டி மெதுவாக வளர்வதால் முதியவர்களுக்குக் கண்காணிப்போ கதிர்வீச்சோ போதுமாகலாம். அகற்றும்போது குரலையும் நாவையும் இயக்கும் நரம்புகளைக் காப்பதே பெருஞ்சவால்.

சக்சினேட்டை மாற்றும் அந்த நொதியின் ஒரு பகுதிக்கான மரபணு எஸ்டிஎச்டி. இந்தக் கட்டிக்குக் காரணமென 2000ஆம் ஆண்டில் இனங்காணப்பட்ட அதன் பழுது தந்தையிடமிருந்து வந்தால் கட்டி தோன்றக்கூடும். தாயிடமிருந்து வந்தால் பெரும்பாலும் தோன்றாது. தாயிடமிருந்து அதைப் பெற்ற மகன் நலமாக வாழ, அவனுடைய பிள்ளைகளுக்குக் கட்டி வரலாம். தலைமுறை தாண்டும் இந்த நோயைச் சாபமென்று கதைகட்டுவது எளிது. நலமாக இருக்கும் அந்தத் தந்தையின் இரத்தத்தைச் சோதித்தாலே பழுது தெரிந்துவிடும்.