ஒரு துண்டு நைலான் எப்படி டி.வி.யைத் தாங்குகிறது?

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய மகன் பாரிஸ் பக்கத்தில் பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறார். கூடத்தில் செங்கல்லால் கட்டிய கணப்பு, அதாவது குளிர்காயும் அடுப்பு. டி.வி.யை அதற்கு மேலேதான் மாட்டப் போகிறாராம். "நெருப்புக்கு மேலே, அதுவும் அவ்வளவு பழைய செங்கல்லில். தாங்குமா சார்?"

சூட்டை முதலில் முடித்துவிடுவோம். சூடான காற்று மேலே ஏறும். பெரும்பாலான டி.வி.களின் கையேட்டில் சுற்றியிருக்கும் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்று போட்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் சில மின்தேக்கிகளுக்கு 10 டிகிரி கூடினாலே ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆகவே கணப்பை இரண்டு மணி நேரம் நன்றாக எரியவிட்டு, டி.வி. வரவேண்டிய இடத்தில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 40ஐ நெருங்கினால் வேறு சுவர்தான். இன்னொன்று, அந்தச் செங்கல்லுக்குப் பின்னால் புகைபோக்கி போகும். துளை அதற்குள் போய்விட்டால் கார்பன் மோனாக்சைடு கூடத்துக்குள் வரும். எவ்வளவு ஆழம் போகலாம் என்று தெரிந்தவரைக் கேட்காமல் டிரில் போடவே கூடாது.

சரி, எடைக்கு வருவோம். டி.வி. 16 கிலோ, அதன் எடை மையம் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கிறது, பிராக்கெட்டின் மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் ஸ்க்ரூவுக்கும் 20 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். நெம்புகோல் கணக்குப்படி மேல் வரிசை ஸ்க்ரூக்களை வெளியே இழுக்கும் விசை 8 கிலோ எடைக்குச் சமம். அதே டி.வி.யை இழுத்துத் திருப்பும் கை வைத்த பிராக்கெட்டில் எடை மையம் சுவரிலிருந்து 50 செ.மீ. தள்ளி வரும்படி முன்னால் கொண்டுவந்தால் அது 40 கிலோ ஆகிவிடும். டி.வி. அதேதான், ஐந்து மடங்கு இழுவை.

இந்த இழுவையைத் தாங்குவது ஸ்க்ரூ என்று நினைக்கிறோம். உண்மையில் தாங்குவது ரால் பிளக், அதாவது துளைக்குள் முதலில் செருகி, அதற்குள் ஸ்க்ரூவை ஏற்றும் அந்தச் சின்ன நைலான் குழாய். பழைய புதுச்சேரி வீடுகளில் சுவிட்ச் போர்டைக் கழற்றினால் சுவருக்குள் ஒரு மரக்கட்டை தெரியும். சுவரைப் பெரிதாகக் கொத்தி, கட்டையைச் செருகி, அதில்தான் ஸ்க்ரூ ஏற்றுவார்கள். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுவரைச் சிதைக்காமல் மின்சாதனங்களைப் பொருத்த வேண்டியிருந்தபோது, ஜான் ஜோசப் ராலிங்ஸ் 1911இல் சணல் நாரால் ஒரு சின்னக் குழாய் செய்தார். 'ரால்' என்ற பெயர் அவரிடமிருந்து வந்ததுதான். 1958இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் அதை நைலானுக்கு மாற்றினார்.

எட்டு மில்லிமீட்டர் பிளக் ஒன்றை விரல்களுக்கிடையே பிடித்துக்கொண்டு ஸ்க்ரூவைத் திருகிப் பாருங்கள். நுனி இரண்டாகப் பிளந்து, பக்கங்கள் உப்பி, விரலைத் தள்ளும். எவ்வளவு அழுத்தினாலும் விரலால் அதை மூட முடியாது. திருகுமரை என்பது சுருட்டி வைத்த சாய்தளம். கையால் கொடுக்கும் சிறிய விசை உள்ளே பல மடங்காகி நைலானைப் பக்கவாட்டில் நெருக்குகிறது. நைலான் செங்கல்லை நெருக்க, செங்கல் திருப்பி நெருக்குகிறது. நெருக்கம் கூடக் கூட உராய்வும் அதே விகிதத்தில் கூடும் என்று பிரான்சின் இயற்பியலாளர் அமோந்தோன் 1699இலேயே சொல்லிவிட்டார். பசை கிடையாது, கொக்கி கிடையாது. இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று விடாமல் தள்ளிக்கொண்டிருக்கின்றன, அந்தத் தள்ளலில் ஒரு டி.வி. தொங்குகிறது! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது ஆச்சரியம்தான்.

அப்படியென்றால் திருப்பித் தள்ளத் தெம்பில்லாத சுவரில் பிளக்கால் ஒன்றும் செய்ய முடியாது. என் வீட்டில் அதுதான் நடந்தது. டி.வி.யை அக்னி மூலையில்தான் வைக்க வேண்டும் என்று மாட்ட வந்தவர் உறுதியாக நின்றார். நான்கு மாதம் கழித்து ஒரு மாலை, மேல் பிளக் இரண்டும் உருவிக்கொண்டு வந்துவிட்டன. எடுத்துப் பார்த்தேன். நுனிவரை வெள்ளைத் தூள், ஒரு பொட்டுகூடச் சிவப்பு இல்லை. பிளக் முழுக்கச் சுண்ணாம்புப் பூச்சிலும் செங்கல் இடுக்குச் சாந்திலுமே உட்கார்ந்திருந்தது. மூலையைப் பார்த்த நேரத்தில் தூளைப் பார்த்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. சுவர் எத்திசையில் இருந்தாலும் உராய்வுக்கு ஒரே விதிதான்.

நம் சூளைச் செங்கல் எல்லாம் ஒரே பலத்தில் வருவதில்லை. எந்தச் செங்கல்லில் எந்தப் பிளக் எத்தனை கிலோ தாங்கும் என்று இழுத்துப் பார்த்து, தமிழில் ஒரு பட்டியல் போடும் வேலையை நம் பாலிடெக்னிக்குகளுக்குக் கொடுக்கலாம். பெரிய செலவில்லை. அதற்கு நிதி ஒதுக்கினால் வீட்டுக்கு வீடு பயன்படும்.

வாசகியின் மகனுக்கு: பழைய செங்கல்லில் டிரில்லின் சுத்தியல் (ஹாமர்) முறையை நிறுத்திவிட்டு, சும்மா சுழற்றியே துளை போடுங்கள். இடுக்கில் போடாமல் செங்கல்லின் நடுவில் போடுங்கள். துளைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கோலமாவைப் போல அது பிளக்கை வழுக்கவிடும். நைலானும் சூட்டில் இளகும், ஆனால் 40 டிகிரிக்குள் என்றால் பயமில்லை. அம்மா, நீங்கள் வீடியோ காலில் இருங்கள். தூள் சிவப்பாக வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.