தண்டம் கட்டி முடித்த வழக்கும் விமானி ஆக நினைக்கும் பிள்ளையும்

சென்ற ஆண்டு ஒரு தாயும் மகனும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஆட்கள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். மகனுக்கு 23 வயது. வெளிநாட்டில் விமானிப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. காணியை ஈடு வைத்து முற்பணமும் கட்டியாகிவிட்டது. விசாவுக்குப் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்டார்கள். அதற்கு விண்ணப்பித்தபோதுதான் பழைய வழக்கு மேலே வந்தது. 19 வயதில், ஊர் மைதானத்தில் நடந்த கைகலப்பு. நீதிமன்றத்தில் முதல் தவணையிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டியிருந்தான்.

"தண்டம் கட்டினா வழக்கு முடிஞ்சுது எண்டுதானே சேர் சொன்னவை?" என்று அந்த அம்மா கேட்டார்.

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. நீதிமன்ற வளாகத்தில் எல்லாரும் சொல்லும் வார்த்தைதான் அது. தவணைக்குத் தவணை அலையத் தேவையில்லை, ஒரு நாளோடு போய்விடும் என்று ஆறுதலுக்குச் சொல்வார்கள். வழக்கு முடிவது உண்மை. ஆனால் அது குற்றத்தீர்ப்பாக முடிகிறது. தொகை சிறிதாக இருந்தாலும் அந்தத் தீர்ப்பு பதிவேட்டில் இருக்கும்.

பலாலி 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பிறகு, விமானி ஆக வேண்டும் என்று சொல்லும் பிள்ளைகளை நான் கூடுதலாகச் சந்திக்கிறேன். அவர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும்தான் இதை எழுதுகிறேன்.

குற்றப்பதிவு இருந்தால் விமானி ஆகவே முடியாதா? அப்படி இல்லை. விமானி அனுமதிப்பத்திரத்துக்கான உலகப் பொது விதிகளை வகுப்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. வயது, அறிவு, பறந்த மணித்தியாலங்கள், திறமை, உடல்நலம் ஆகியவற்றைப் பற்றியே அந்த விதிகள் பேசுகின்றன. பெரிய பயணிகள் விமானத்தின் தலைமை விமானியாக 21 வயதும் 1,500 மணித்தியாலப் பறப்பு அனுபவமும் வேண்டும். இதற்கு மேல் நாடுகள் தங்கள் நிபந்தனைகளையும் சேர்க்கின்றன. அமெரிக்காவில் அந்த உயர்நிலை அனுமதிப்பத்திரத்துக்கு நன்னடத்தையும் ஒரு சட்ட நிபந்தனை.

ஆனால் அனுமதிப்பத்திரம் கையில் இருந்தால் மட்டும் வேலை கிடைத்துவிடாது. விமானம் நிற்கும் பகுதிக்குள் போக விமான நிலையப் பாதுகாப்பு அட்டை வேண்டும். அதற்குப் பின்னணிச் சோதனை உண்டு. சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில் குற்ற வரலாற்றையும் பார்ப்பார்கள். அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு குற்றப்பட்டியல் இருக்கிறது. சட்டவிரோதமாக ஆயுதம் வைத்திருந்தது, போதைப்பொருள் விற்றது, கொள்ளை, பாரதூரமான திருட்டு, மோசடி, இலஞ்சம் போன்ற குற்றங்களுக்குக் கடந்த 10 ஆண்டுகளுக்குள் தண்டிக்கப்பட்டவருக்கு அந்த அட்டை கிடைக்காது. அட்டை இல்லாத விமானியை எந்த நிறுவனம் வைத்திருக்கும்?

அடுத்தது விசா. இதை எங்கள் ஆட்கள் யோசிப்பதே இல்லை. சர்வதேசப் பறப்பில் இருக்கும் விமானி இன்றைக்கு ஒரு நாட்டில் இறங்குவார், நாளைக்கு வேறொன்றில். ஒரு நாடு உள்ளே விடாது என்றாலே அவரை வேலைக்குப் போடுவது நிறுவனத்துக்குச் சிக்கல். பாதி யாழ்ப்பாணத்துக்குக் கனடாவில் உறவுகள் இருக்கின்றன. அந்தக் கனடாவில் மதுபோதையில் வாகனம் ஓட்டுவது, 2018 டிசம்பரில் சட்டம் மாறியதிலிருந்து, 10 ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். இங்கே தண்டம் கட்டிவிட்டு மறந்துபோகும் ஒரு வழக்கு, அங்கே நுழைவை மறுக்கப் போதுமான காரணம் ஆகலாம்.

குடிபோதை வழக்கு மருத்துவச் சான்றிதழையும் தொடும். வேலையில் இருக்கும் விமானி முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டும். அமெரிக்க மருத்துவ விண்ணப்பத்தில் மதுவோடு வாகனம் ஓட்டிக் கைதானதுகூடக் கேட்கப்படுகிறது. அந்த நாட்டு அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் அப்படியான தண்டனையை 60 நாட்களுக்குள் அறிவிக்கவும் வேண்டும். போதைப்பொருள், வாள்வெட்டு வழக்குகளைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. நண்பனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிப்போன பிள்ளையும் அதே வழக்கில் பெயரோடு நிற்பதை அடிக்கடி காண்கிறேன்.

சரி, சின்ன வழக்கு ஒன்று வந்துவிட்டது, என்ன செய்யலாம்? ஒப்புக்கொள்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. சிறு காயப்படுத்தல் வழக்குகள் மத்தியஸ்த சபையிலோ, பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தோடு நீதிமன்றத்திலோ இணக்கமாக முடியலாம். இன்னொரு வழியும் உண்டு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவு. குற்றச்சாட்டு நிரூபணமாகியிருந்தாலும், ஆளின் வயது, முன்னைய நடத்தை, குற்றத்தின் சிறிய தன்மை ஆகியவற்றைப் பார்த்து, குற்றத்தீர்ப்பு வழங்காமலே எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடுவிக்க நீதவானுக்கு அந்தப் பிரிவு அதிகாரம் தருகிறது. கேட்டால் கிடைத்தே தீரும் என்று இல்லை. ஆனால் கேட்காமல் விடுகிறோமே, அதுதான் எனக்கு மனவருத்தம். ஒத்திவைத்த சிறைத்தண்டனையை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சிறைக்குப் போகாவிட்டாலும் அது குற்றத்தீர்ப்புத்தான்.

நீதவான் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்ய 14 நாட்கள்தான் இருக்கின்றன. குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு அந்த வழியும் பெருமளவு அடைபட்டுவிடுகிறது. பிரித்தானியாவில் 1974ஆம் ஆண்டின் ஒரு சட்டப்படி, சில தண்டனைகள் காலம் போனபின் பல தேவைகளுக்குக் கணக்கில் வராமல் போகும். அதைக் கேள்விப்பட்டு, இங்கேயும் அழிந்திருக்கும் என்று இருந்துவிடாதீர்கள்.

பதிவு ஏற்கெனவே இருந்தால் மறைக்க வேண்டாம். படிவத்தில் உள்ள கேள்வியை ஆறுதலாக வாசியுங்கள். தண்டிக்கப்பட்டீர்களா என்று கேட்பது ஒன்று, எப்போதாவது கைதானீர்களா என்று கேட்பது வேறொன்று. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டு, பிறகு விடுவிக்கப்பட்டவர்கள் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். அவர்கள் இரண்டாவது கேள்விக்கு ஆம் என்று எழுதி, விடுவித்த கட்டளையின் பிரதியை இணைக்க வேண்டும். பொய் சொன்னது பிறகு தெரியவந்தால், பழைய சிறு குற்றத்தைவிட அந்தப் பொய்தான் பெரிய குற்றமாக நிற்கும்.

அந்த மகனுக்கும் இதைத்தான் செய்தோம். நீதிமன்றத்தில் வழக்குப் பதிவேட்டின் சான்றுப்படுத்திய பிரதி எடுத்தோம். நடந்ததை அவனே தன் கைப்பட எழுதினான். விசா கிடைத்தது, ஆனால் தாமதமாக. பணம் கட்டிய பயிற்சி அணி அவனில்லாமலே தொடங்கிவிட்டது. அடுத்த அணிக்குக் காத்திருந்த மாதங்களிலும் ஈட்டுக்கு வட்டி ஏறியது. பாதுகாப்பு அட்டைக்கான சோதனையை அவன் இன்னும் சந்திக்கவில்லை.

கடைசியாக வந்தபோது அவனிடம் கேட்டேன், "தம்பி, அண்டைக்குக் கோட்டிலை உமக்காகப் பேசினவரிட்டை நீர் பைலட் ஆகப்போறீர் எண்டு சொன்னனீரோ?" இல்லை என்றான். அவர் கேட்கவுமில்லை.

உங்கள் பிள்ளைக்குத் தவணை இருக்கிறது என்றால், குற்றப்பத்திரத்தில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அவன் என்ன வேலைக்குப் போக நினைக்கிறான் என்பதைச் சட்டத்தரணியிடம் தவணைக்கு முன்பே சொல்லுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள்.