கட்டியோட டிஎன்ஏ என்ன சொல்லும், என்ன சொல்லாது

"கட்டியோட டிஎன்ஏவ டெஸ்ட்டுக்கு அனுப்பலாம்"னு சொன்னதுமே பக்கத்துல நிக்கிற பொண்ணோட முகம் மாறிடும். "அப்போ அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா டாக்டர்?" கர்ப்பப்பை வாய் கேன்சர் பாக்க ஆரம்பிச்சதுலேர்ந்து இந்தக் கேள்விய நான் கேட்டுட்டே இருக்கேன். இல்லம்மா, நாங்க பாக்கறது பரம்பரையா வர்ற டிஎன்ஏ இல்ல, அந்தக் கட்டிக்குள்ள மட்டும் மாறிப்போன டிஎன்ஏ. இந்த கேன்சருக்கு பெரும்பாலும் காரணம் எச்பிவி வைரஸ், ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன் 1983லயும் 84லயும் 16, 18ங்கற ரெண்டு வகைய கட்டிகள்ல கண்டுபிடிச்சாரு, அதுக்குத்தான் 2008ல நோபல். அந்த ரெண்டு வகையே சுமார் 70 சதவீதம் கேஸுக்குக் காரணம். பொண்ணுக்கு வேண்டியது தடுப்பூசியும் வயசுக்கேத்த ஸ்கிரீனிங்கும்தான்.

சரி, கட்டியோட டிஎன்ஏவ எதுக்குப் பாக்கணும்? ஸ்டேஜ்ங்கறது கட்டி எவ்ளோ பெருசு, எதுவரைக்கும் பரவியிருக்குன்னு சொல்லும், அதோட குணத்த சொல்லாது. ஒரே ஸ்டேஜ், ஒரே ரேடியேஷன், வாராவாரம் அதே சிஸ்பிளாட்டின்ங்கற கீமோ மருந்து, ஆனா ஒருத்தர் வருஷக்கணக்கா நல்லா இருப்பாங்க, இன்னொருத்தருக்கு சீக்கிரமே திரும்ப வந்துடும். இத ரெண்டு குடும்பத்துக்கும் பக்கத்துல உக்காந்து சொன்னவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும். 2017ல 228 கட்டிகள எடுத்து, கேன்சர் கட்டிகளோட ஜீன்கள ஆராயற டிசிஜிஏங்கற அமெரிக்கத் திட்டத்தோட ஆராய்ச்சி வெளியாச்சு, அதுல கால்வாசிக்கும் மேல பிஐகே3சிஏங்கற ஜீன்ல மாற்றம் இருந்துச்சு, சில கட்டிகள்ல நோய் எதிர்ப்புச் செல்கள ஏமாத்துற பிடி-எல்1 ஜீன் பல காப்பியா பெருகியிருந்துச்சு. ஆனா பிஐகே3சிஏ மாறியிருக்குன்னு ரிப்போர்ட்ல பாத்ததும் பயந்துடாதீங்க, அத மட்டும் வெச்சு முடிவு இப்படித்தான்னு யாராலயும் சொல்ல முடியாது, ஆராய்ச்சிகளே ஒத்துப்போகல. எச்பிவியே இல்லாத கட்டிகள் மட்டும் பொதுவா கொஞ்சம் மோசமா நடந்துக்குது.

எனக்கு ரொம்ப நம்பிக்கை தர்ற விஷயம் வேற, வைரஸோட டிஎன்ஏவ ரத்தத்துல தேடற டெஸ்ட். வைரஸ் பல கட்டிகள்ல நம்ம செல்லோட டிஎன்ஏக்குள்ளயே போய் ஒட்டிக்குது, அதோட இ6, இ7ங்கற ரெண்டு புரதமும் பி53, ஆர்பின்னு செல்லுக்கு இருக்கற ரெண்டு பிரேக்கையும் கழட்டிடுது. செல் செத்து உடையறப்போ அந்த வைரஸ் டிஎன்ஏ துண்டுகள் ரத்தத்துல கலக்கும், ரொம்ப நேரம் நிக்காது, சில மணி நேரத்துல கரைஞ்சிடும். அதனால ட்ரீட்மென்ட் முடிஞ்சு மூணு மாசம் ஆகியும் ரத்தத்துல அது தெரியுதுன்னா உள்ள எங்கயோ இன்னும் உயிரோட கட்டி இருக்குன்னு சந்தேகப்படணும். அப்படி தெரிஞ்சவங்களுக்கு நோய் திரும்பற ஆபத்து தெளிவாவே அதிகம்னு ஆராய்ச்சிகள்ல வந்திருக்கு, சில பேருக்கு ஸ்கேன்ல தெரியறதுக்கு முன்னாடியே ரத்தத்துல தெரிஞ்சிருக்கு.

ஆனா "ரத்தத்துல ஒண்ணும் இல்லனு வந்துடுச்சே"ன்னு ஃபாலோ அப்புக்கே வராம இருந்துட்ட ஒருத்தங்க, ஆறு மாசம் கழிச்சு ரத்தப்போக்கோட வந்தாங்க. சின்ன கட்டி ரத்தத்துல விடற டிஎன்ஏ டெஸ்ட்ல சிக்காம போகலாம், அதனால ரிப்போர்ட் சுத்தமா இருந்தாலும் உள்பரிசோதனைக்கு வரணும், டாக்டர் சொன்னா ஸ்கேனும் எடுக்கணும். அவங்ககிட்ட இத நான் இன்னும் அழுத்தமா சொல்லியிருக்கணும்.

இன்னொண்ணு, இந்த ரத்த டெஸ்ட் இன்னும் எல்லா எடத்துலயும் வழக்கத்துக்கு வரல. உங்களுக்கு கிடைக்கும்னா, ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரத்தம் எடுத்தாச்சானு கேளுங்க. முன்னாடி எவ்ளோ இருந்துச்சுன்னு தெரியலன்னா பின்னாடி வர்ற நம்பர எதோட ஒப்பிடறது? எந்த வகை எச்பிவின்னும் கேளுங்க, அந்த வகையத் தேடாத டெஸ்ட்டுல ஒண்ணும் இல்லனு வந்தா அதுக்கு அர்த்தமே கெடையாது. முன்னாடி ரத்தம் எடுக்காம விட்டுட்டாங்களா, பயாப்ஸி எடுத்த துண்ட மெழுகுல பதிச்சு பிளாக்கா லேப்ல வெச்சிருப்பாங்க, அதுலேர்ந்தாவது வகைய கண்டுபிடிக்கலாம், அந்த பிளாக் எங்க இருக்குன்னு விசாரிச்சு வைங்க.