சுழலாத பந்து எங்கே போகும்?

லீக் இறுதிப் போட்டியில் மோதும் இரண்டு மகளிர் வாலிபால் கிளப்புகளுக்கு இடையே ரகசியம் என்று பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்காது. இத்தாலியின் கொனெல்யானோவையும் துருக்கியின் வக்கிஃப்பேங்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மே மாதம் வெரோனாவில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதியில் கொனெல்யானோ 3-2 என்று ஜெயித்தது. அடுத்த ஆண்டு லூப்லியானாவில் அதே இரண்டு அணிகள் மோதின. இந்த முறை வக்கிஃப்பேங்க் 3-1. இரண்டு இறுதியிலும் கொனெல்யானோவுக்காக அடித்த பாவ்லா எகோனு, அந்த 2022ஆம் ஆண்டிலேயே வக்கிஃப்பேங்குக்குப் போய்ச் சேர்ந்தார். யார் எந்தக் கோணத்தில் அடிப்பார், செட்டர், அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர், நெருக்கடியில் யாருக்குப் பந்து கொடுப்பார் என்பதெல்லாம் எதிரணியின் கணினியில் வீடியோவோடு இருக்கும்.

இவ்வளவு தெரிந்தவர்களுக்கு நடுவிலும் ஒரு விஷயம் யாருக்கும் தெரியாது. சுழற்சியே இல்லாமல் அடித்த சர்வீஸ் கடைசி 3 மீட்டரில் எந்தப் பக்கம் விலகும்? எதிர்ப்பக்கம் நின்று அதை எடுப்பவருக்குத் தெரியாது, சரி. அடித்தவருக்கும் தெரியாது. ஃப்ளோட்டர் என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் இந்தப் பந்துதான், ஸ்மாஷுக்குக் கிடைக்கும் கைதட்டலில் பாதிகூடக் கிடைக்காமல், பல செட்டுகளின் போக்கை முடிவு செய்கிறது.

முதலில் ஒரு விநோதத்தைக் கவனிக்க வேண்டும். டென்னிஸில் சர்வீஸ் கையில் இருந்தால் அது நமக்குச் சாதகம். வாலிபாலில் நேர் எதிர். பந்தை எடுக்கும் அணிக்குத்தான் முதல் தாக்குதல் வாய்ப்பு கிடைக்கிறது; அதனால் உயர்மட்ட ஆட்டங்களில் சர்வீஸை எடுக்கும் அணிதான் பாதிக்கும் மேற்பட்ட புள்ளிகளை ஜெயிக்கிறது. புள்ளி எடுத்த அணிக்கே அடுத்த சர்வீஸ் என்பது விதி என்பதால், ஒவ்வொரு முறை ஜெயித்த பிறகும் ஒரு சின்னப் பாதகமான நிலையிலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும். ஆண்கள் ஆட்டத்தைவிடப் பெண்கள் ஆட்டத்தில் இந்தச் சாய்வு குறைவு. அதனால்தான் ஒரே வீராங்கனையின் சர்வீஸில் தொடர்ந்து ஐந்தாறு புள்ளிகள் போவதை அங்கே அதிகம் பார்க்கலாம். அப்படிப்பட்ட வரிசைகள் பெரும்பாலும் பந்தின் வேகத்தால் வருவதில்லை; அதன் தடுமாற்றத்தால் வருகின்றன.

தடுமாற்றத்துக்கு முதல் காரணம் பந்தின் எடை. வாலிபாலின் சுற்றளவு 65 முதல் 67 செ.மீ.; கால்பந்தைவிடக் கொஞ்சம்தான் சிறியது. ஆனால் கால்பந்தின் எடை 410 முதல் 450 கிராம், வாலிபாலோ 260 முதல் 280 கிராம். கிட்டத்தட்ட அதே உருவம், எடை மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. காற்று தள்ளினால் எளிதில் இணங்கிப் போகிற பந்து இது.

எவ்வளவு இணங்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வினாடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் வாலிபால் பறக்கும்போது காற்று அதை ஏறத்தாழ 2 நியூட்டன் விசையோடு பின்னால் இழுக்கலாம். பந்தின் எடையே 2.65 நியூட்டன்தான். புவி கீழே இழுப்பதில் முக்கால் பங்கு வலுவோடு காற்றும் பின்னால் இழுக்கிறது என்று அர்த்தம். பள்ளியில் எறிபொருள் கணக்கில் ‘காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்’ என்று எழுதியிருப்பார்களே, அது இந்தப் பந்துக்குக் கொஞ்சமும் பொருந்தாது.

‘இழுக்கலாம்’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அதே வேகத்தில் அந்த இழுவை 0.8 நியூட்டனாகவும் இருக்கலாம். பந்தின் மேல்பரப்பை ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப் படலம் ஓடுகிறது. வேகம் குறைவாக இருக்கும்போது அந்தப் படலம் அமைதியாக, அடுக்கடுக்காக ஓடி, பந்தின் அகலமான நடுப்பகுதிக்கு வந்ததும் பரப்பை விட்டுப் பிரிந்துவிடும். பந்துக்குப் பின்னால் அகலமான, கலங்கிய, அழுத்தம் குறைந்த ஒரு பகுதி உண்டாகும். அதுதான் பந்தைப் பின்னுக்கு இழுக்கிறது. வேகம் ஒரு எல்லையைத் தாண்டினால் படலத்துக்குள்ளேயே கொந்தளிப்பு ஏற்படுகிறது. கொந்தளித்த காற்று வெளியிலிருந்து வேகத்தை உள்ளே வாங்கிக்கொள்வதால் பந்தின் பின்பக்கம் வரை ஒட்டிக்கொண்டே போகும். கலங்கிய பகுதி ஒடுங்கிவிடும். இழுவை சட்டென்று பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கொந்தளிப்பு வந்தால் தடை கூடும் என்றுதான் யாரும் நினைப்போம், நடப்பதோ தலைகீழ். இயற்பியலில் இதற்கு ‘இழுவை நெருக்கடி’ என்று பெயர்.

வாலிபாலின் பரிமாணத்துக்கு அந்த எல்லை வினாடிக்கு 15 மீட்டரிலும் அதற்குச் சற்று மேலும் வருகிறது. நல்ல ஃப்ளோட்டர் பறக்கிற வேகமும் அதேதான்! கையை விட்டுக் கிளம்பும்போது 18 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வலையைத் தாண்டுகிற இடத்தில் 15ஐ ஒட்டி வந்துவிடும். அதாவது வழுக்கிக்கொண்டு போன பந்து, எடுப்பவரின் பக்கம் நுழைந்த பிறகு எல்லைக்குக் கீழே இறங்கி, திடீரென்று இரண்டு மடங்குக்கு மேல் இழுவையைச் சந்திக்கிறது. கைக்கு வரும் என்று நின்றவரின் முழங்காலுக்கு முன்னால் ‘பொத்’தென்று விழுவது இதனால்தான்.

முன்னும் பின்னும் ஆடுவது இப்படி. பக்கவாட்டு ஆட்டம் இன்னும் சுவாரசியமானது. பந்து வழுவழுப்பான கோளம் அல்ல. துண்டுகளை ஒட்டிச் செய்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வந்த மிகாசா நிறுவனப் பந்தில் 8 துண்டுகள். 2019இல் அதே நிறுவனம் அறிமுகப்படுத்திய வி200டபிள்யூ பந்தில் 18. இரண்டிலும் மேலே சின்னச் சின்னக் குழிகள் உண்டு. சில லீக்குகளில் ஆடும் மோல்டன் பந்தில் அறுகோண அமைப்பு. பந்து சுழலாதபோது இடப்பக்கம் ஒரு இணைப்புக் கோடு காற்றை எதிர்கொள்ளும், வலப்பக்கம் சமமான பரப்பு இருக்கும். கோடு இருக்கும் பக்கத்தில் படலம் சீக்கிரம் கொந்தளித்துப் பின்பக்கம் வரை ஒட்டிக்கொண்டு போகலாம். மறுபக்கத்தில் முன்னதாகவே பிரிந்துவிடலாம். பின்னால் கலங்கிய பகுதி ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும், பந்து அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளப்படும். எல்லை வேகத்தை ஒட்டிய இந்த நிலையில் கால் சுற்று திரும்பினால்கூட எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பது மாறிவிடும். பந்து எந்த முகத்தைக் காட்டிக்கொண்டு பறக்கிறது என்பதைப் பொறுத்து அதன் மீதான விசைகள் மாறுவதை ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் தாக்கேஷி அசாயும் அவரது குழுவினரும் காற்றுச் சுரங்கத்தில் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

வேகமாகச் சுழலும் பந்தில் இந்தச் சிக்கலே இல்லை. இணைப்புக் கோடுகள் எல்லாம் மாறி மாறி வருவதால் அவற்றின் விளைவு சராசரியாகிவிடும். சுழற்சியால் காற்றில் உண்டாகும் மேக்னஸ் விசை மட்டும் ஒரே திசையில் ஒழுங்காக வளைக்கும். வேகம் அதிகம்தான், ஆனால் பாதையைக் கணிக்கலாம்.

சரி, பக்கவாட்டு விசை எவ்வளவு இருக்கும்? அரை நியூட்டனுக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்வோம். 270 கிராம் பந்துக்கு அது வினாடிக்கு வினாடி 1.7 மீட்டர் முடுக்கம். கடைசி அரை வினாடி அந்த விசை ஒரே பக்கம் தள்ளினால் பந்து ஏறத்தாழ 21 செ.மீ. விலகும். இந்த 21 செ.மீ. எப்படிப் பங்காகிறது என்பதில்தான் கொடுமை இருக்கிறது. முதல் கால் வினாடியில் 5 செ.மீ.தான் நகரும். மிச்சம் 16 செ.மீ. அடுத்த கால் வினாடியில். கண்ணில் பட்டதற்கு உடல் அசையத் தொடங்கவே ஏறத்தாழ 0.2 வினாடி ஆகும். ஆக, விலகல் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளரும்போது அதற்கு ஏதாவது செய்வதற்கான நேரம் முடிந்துபோயிருக்கும்.

இதற்காகவே அடிக்கும் முறையும் தனி. பந்தைச் சுழலாமல் கொஞ்சமாகத் தூக்கிப் போட வேண்டும். மணிக்கட்டை விறைப்பாக வைத்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் பந்தின் நட்டநடுவில் அடித்து, கையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். விசையின் கோடு பந்தின் மையம் வழியாகப் போனால் சுழற்சி வராது, ஒன்றிரண்டு செ.மீ. தள்ளிப் பட்டாலே பந்து உருளத் தொடங்கிவிடும். கை பந்தோடு ஒட்டியிருக்கும் நேரமோ வினாடியில் நூறில் ஒரு பங்கு அளவுதான். பயிற்சியாளர்கள் ‘கையைத் தொடர்ந்து வீசாதே’ என்று கத்துவது பந்தில் சுழற்சி சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். பந்தில் அச்சிட்ட எழுத்து பறக்கும்போதும் படிக்கிற மாதிரி தெரிந்தால் சர்வீஸ் சரியாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

பெண்களுக்கான வலையின் உயரம் 2.24 மீட்டர், ஆண்களுடையதைவிட 19 செ.மீ. குறைவு. எம்பிக் குதித்து அடிக்கும் ஃப்ளோட்டர் வலையை உரசுகிற மாதிரி தட்டையாகப் போக இது உதவுகிறது. தட்டையாகப் போனால் காற்றில் இருக்கும் நேரம் ஒரு வினாடியை ஒட்டி வந்துவிடும். எடுப்பவர் பாடு இன்னும் கஷ்டம்.

எடுப்பவர்களும் சும்மா நிற்பதில்லை. முதல் தொடுதலில் விரல்களால் மேலே எடுக்கலாம். ஒரே செயலுக்குள் பந்து இரண்டு முறை பட்டாலும் குற்றமில்லை என்று விதி சலுகை தருகிறது. அதனால் பலர் ஒரு அடி முன்னால் வந்து, பந்து தள்ளாடத் தொடங்கும் முன்பே நெற்றிக்கு மேல் பிடித்து அனுப்பிவிடுகிறார்கள். மேலே கணக்கில் பார்த்த கடைசி கால் வினாடியையே வெட்டி எறியும் தந்திரம் இது. கண்ணைப் பற்றியும் ஆய்வு இருக்கிறது. கனடாவின் ஜோன் விக்கர்ஸ் 1997இல் வாலிபால் வீரர்களின் பார்வையைப் பதிவு செய்து பார்த்தபோது, நன்றாக எடுப்பவர்கள் பந்தைச் சீக்கிரமே கண்ணால் பிடித்து, அதிக நேரம் விடாமல் தொடர்வது தெரிந்தது. எடுப்பதற்கென்றே 1998இல் லிபரோ என்ற தனி இடமும் விதிகளில் வந்தது. ஆனால் சர்வீஸ் போடுகிறவர் லிபரோவை நோக்கி ஏன் அடிக்கப் போகிறார்? இரண்டு பேருக்கு நடுவில், அல்லது அடுத்து ஸ்மாஷ் அடிக்க ஓட வேண்டிய முன்வரிசை வீராங்கனையின் மேல்தான் பந்து வரும்.

இப்போது அந்த 16 செ.மீ. என்ன செய்கிறது என்று பாருங்கள். இரண்டு முன்கைகளையும் சேர்த்து வைத்தால் கிடைக்கும் பரப்பின் அகலம் 10 செ.மீ. அளவுதான். பந்து ஓரத்தில் பட்டால் செட்டருக்குப் போக வேண்டியது இரண்டு மூன்று மீட்டர் தள்ளிப் போகும். செட்டர் வலையை விட்டு ஓடி வந்து எடுக்கிறார். நடுவில் வேகமாக அடிப்பது இனி முடியாது. முதுகுப் பக்கம் கொடுப்பதும் அபாயம். ஓரத்துக்கு உயரமாக ஒரு பந்து தூக்கிக் கொடுப்பது மட்டும்தான் மிச்சம். உயரமான பந்து கீழே வர ஒரு வினாடிக்கு மேல் ஆகும். எதிரணியின் தடுப்பாளர்கள் அதற்குள் நடந்தே போய்ச் சேரலாம். ஒற்றைக் கையைத் தாண்டி அடித்திருக்க வேண்டியவர் மூன்று ஜோடிக் கைகளைப் பார்த்து அடிக்கிறார். புள்ளி போனதும் டிவியில் காட்டப்படுவது அந்தத் தடுப்புதான். புள்ளி போனது அதற்கு மூன்று வினாடி முன்பே.

ஒரு புள்ளிதானே என்று விட முடியாதபடி இந்த ஆட்டத்தின் கணக்கு அமைந்திருக்கிறது. ஒரு அணிக்கு ஒவ்வொரு புள்ளியிலும் ஜெயிக்கும் வாய்ப்பு 52 விழுக்காடு என்று வையுங்கள். யார் சர்வீஸ் என்பதை இப்போதைக்கு மறந்துவிடலாம். 25 புள்ளி செட்டை அது ஜெயிக்கும் வாய்ப்பு 61 விழுக்காடு ஆகிவிடும். ஐந்தில் மூன்று செட் எடுக்க வேண்டிய ஆட்டத்தில் அது ஏறத்தாழ 69. கடைசி செட் 15 புள்ளிதான் என்பதால் அது மட்டும் கொஞ்சம் சமமாக இருக்கும், 58ஐ ஒட்டி. பலம் குறைந்த அணி ஐந்தாவது செட் வரை இழுத்துவிட்டால் கோப்பை வாய்ப்பு கூடுவது உளவியல் மட்டுமல்ல, கணக்கும்தான்.

எடுப்பவர்கள் ஃப்ளோட்டருக்குப் பழகிவிட்டார்கள் என்றதும் சர்வீஸ் போடுகிறவர்கள் அடுத்த வேலையில் இறங்கிவிட்டார்கள். ஒரே மாதிரி தூக்கிப் போட்டு, ஒரே மாதிரி ஓடி வந்து, கடைசிக் கணத்தில் மணிக்கட்டை விறைப்பாக வைப்பதா மடக்குவதா என்று மாற்றிக்கொள்கிறார்கள். விறைத்தால் ஃப்ளோட்டர், மடக்கினால் சுழலும் பந்து. முதலாவதை எடுக்க முன்னால் வர வேண்டும். இரண்டாவதற்குப் பின்னால் நிற்க வேண்டும். கையில் பட்ட பிறகுதான் எது என்று தெரியும் என்பதால், ஒரு வினாடியில் பத்தில் சில பங்குகள் இந்த முடிவுக்கே செலவாகிவிடுகின்றன. இறுதிப் போட்டிகளில் இப்போது எடுக்கும் வரிசை வழக்கத்தைவிட அரை அடி முன்னும் பின்னுமாகத் தயங்கி நிற்பதைப் பார்த்தால், எதிர்ப்பக்கம் இந்தக் கலவை சர்வீஸ் வைத்திருக்கும் ஒருவர் பந்தைக் கையில் வாங்கியிருக்கிறார் என்று ஊகிக்கலாம்.