நாலில் வைத்தால் மட்டும் காற்று

போன மே மாதம், கத்திப்பாராவில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்த நேரத்தில் காரின் ஏசி காற்று நின்றுவிட்டது. குமிழை 1, 2, 3 என்று திருப்பினால் மூச்சுப்பேச்சில்லை. 4-இல் வைத்தால் புயல். கேஸ் தீர்ந்திருக்கும் என்றார் பக்கத்தில் இருந்த நண்பர். கேஸ் குறைந்தால் காற்றில் குளிர்ச்சிதான் போகும், காற்றே போகாது. இது புளோயர் கோளாறு.

புளோயர் என்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு 12 வோல்ட் மோட்டாரும் விசிறியும்தான். குமிழ் வைத்த பல வண்டிகளில், வேகத்தைக் குறைக்க மோட்டாருக்கு முன்னால் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் சுருள்கள் இருக்கும். 1-இல் மின்சாரம் எல்லாச் சுருளையும் கடந்தாக வேண்டும். 4-இல் எதுவும் குறுக்கே இல்லை. அதனால்தான் ரெசிஸ்டர் போனாலும் 4 மட்டும் பிழைத்துக்கொள்கிறது.

சரி, அது ஏன் போகிறது? சுருளில் 7 வோல்ட் விழுந்து 4 ஆம்பியர் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 28 வாட் வெப்பம். ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான்! இந்தச் சூட்டைத் தணிக்கத்தான் ரெசிஸ்டரைக் காற்று போகும் பாதையிலேயே பொருத்துகிறார்கள். மெட்ரோ வேலைப் புழுதியும் வேப்பஞ்சருகும் காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை அடைத்தால் காற்று குறையும், சுருள் காயும், அதிலுள்ள வெப்ப ஃபியூஸ் உருகிவிடும். தேய்ந்த மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுத்தாலும் இதே கதிதான். ஃபில்டரைப் பார்க்காமல் ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் சீக்கிரமே மறுபடி மாற்ற வேண்டியிருக்கும். நான் இரண்டு முறை மாற்றினேன்.

நாலு வேகமும் செத்திருந்தால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள், அப்புறம் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேயை. இரண்டும் சரியென்றால் குமிழை 4-இல் வைத்து, இடப்பக்க சீட்டுக்கு முன்னால் குனிந்து மோட்டார் கூட்டை லேசாகத் தட்டுங்கள். ஓடத் தொடங்கினால், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. தட்டியும் ஓடாவிட்டால் மோட்டார் பிளக்கில் 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். பிளக் பழுப்பேறி உருகியிருந்தால் அதையும் மாற்றியே ஆக வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடாதீர்கள். அப்புறம் வயரிங்தான் எரியும்.

பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் பழைய மோட்டார் வாங்குவதாக இருந்தால், விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.