காம்பாட் பூட்ஸ்: சொல்லும் தமிழ் நிகரும்

கணுக்காலை மூடி மேலேறி, நாடாவால் இறுகக் கட்டப்பட்டு, தடித்த அடிப்பாகத்துடன் படைவீரர்களுக்கென உருவான காலணியைக் காம்பாட் பூட்ஸ் என்கிறோம். ‘காம்பாட்’ என்றால் போர். ‘பூட்’ பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொல். தமிழில் அதன் பன்மை வடிவமே ஒருமைக்கும் நிலைத்துவிட்டதால், ஒற்றைக் காலுக்குரியதையும் ‘பூட்ஸ்’ என்றே சொல்கிறோம். இலங்கைத் தமிழர் வழங்கும் ‘சப்பாத்து’ போர்த்துகீசியம் தந்த சொல். ஷூ, பூட்ஸ் இரண்டையும் அது குறிக்கும்.

இரண்டாம் உலகப் போரின் முற்பகுதியில் அமெரிக்கக் காலாட்படையினர் கணுக்கால் வரை வரும் காலணியை அணிந்து, அதற்கு மேல் கான்வாஸ் கால்பட்டையைத் தனியாகச் சுற்றி, பக்கவாட்டுக் கொக்கிகளில் நாடாவைக் கோத்துக் கட்டினார்கள். இதற்கு நேரமும் பொறுமையும் தேவைப்பட்டன. 1943-இல் வந்த புதிய பூட்ஸில், காலணியின் மேல்விளிம்போடு அகன்ற தோல்பட்டை சேர்த்துத் தைக்கப்பட்டு அதில் இரண்டு பக்கிள்கள் வைக்கப்பட்டதால் கால்பட்டைக்கு வேலை இல்லாமல் போனது. பிரிட்டிஷ் படையிலோ, தோல் அடியில் ஆணிகளும் குதியில் இரும்பு லாடமும் அடித்த பூட்ஸ் நெடுங்காலம் நீடித்தது.

போர் முடிந்தபின் படையினரின் உபரிப் பொருள்கள் கடைகளுக்கு வந்தபோது, மலிவும் உழைப்பும் கருதித் தொழிலாளர்கள் இவற்றை வாங்கினார்கள். ஜெர்மானியப் படை மருத்துவர் கிளாஸ் மார்ட்டன்ஸ் தம் கணுக்கால் காயத்துக்காக 1945-இல் வடிவமைத்த காற்றடைத்த மெத்தென்ற அடிப்பாகத்தைக் கொண்டு, இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் 1960 ஏப்ரல் 1 அன்று வெளிவந்த, நாடா கோக்க எட்டுத் துளைகள் கொண்ட பூட்ஸையும் முதலில் அணிந்தவர்கள் தபால்காரர்களும் ஆலைத் தொழிலாளர்களும்தான். இளைஞர்களின் அன்றாட உடையில் அது சேர்ந்தது அதற்குப் பிறகே. ஆனால் வேலைக்கு வாங்குவோர் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: படையினருக்கான பூட்ஸ் பெரும்பாலானவற்றில் விரல்களைக் காக்கும் இரும்பு மூடி இருப்பதில்லை. ஆகவே, தோற்றத்தை நம்பிப் பளு தூக்கும் இடத்துக்கு அவற்றை அணிந்து செல்வது ஆபத்து.

இனி, தமிழ் நிகர். ‘போர்க்காலணி’ என்பது நேர் மொழிபெயர்ப்புதான் என்றாலும், காலணியின் அமைப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. பத்துப்பாட்டில் இதைவிடப் பொருத்தமான தொடர் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, வழிநடை வணிகரை ‘அடிபுதை அரணம் எய்திப் படம்புக்கு’ என்று காட்டுகிறது. அடியை மறைக்கும் காப்பை அணிந்து, சட்டைக்குள் புகுந்து, இடையில் வாள் தொங்க, மிளகுப் பொதி சுமக்கும் கழுதைகளோடு அவர்கள் செல்கிறார்கள். அதே பாட்டில் ஆயனின் காலில் இருப்பதோ ‘தொடுதோல்’. அது பழகிய அடியில் வடு ஆழப் பதிந்திருக்கிறது. புலவர் இரண்டு காலணிகளுக்கும் வேறுவேறு சொல் ஆண்டிருப்பது நமக்குப் பெரிய உதவி. அதிலும் ‘அரணம்’ அணிந்தவர்கள் படைவீரர் அல்லர், தொழிலுக்காகக் கடுவழி நடந்தவர்கள் என்பது என்னை மிகவும் ஈர்க்கிறது. வேலைக்கு அணியும் பூட்ஸுக்கு இதைவிட நெருங்கிய முன்னோடி வேண்டியதில்லை.

எனவே, படையினர் அணிவதைப் ‘படைக்காலணி’ என்றும், அதே பாங்கில் பிறர் வேலைக்கும் அன்றாடத்துக்கும் அணிவதை ‘அரணக்காலணி’ என்றும் வழங்கலாம். இரும்பு மூடி உள்ளதை ‘இரும்புமுனை அரணக்காலணி’ என்று பிரித்தே எழுத வேண்டும்.