பழம் அழுகிய பிறகு மருந்து தேடாதீர்கள்

மறுபடியும் அதே படம், அதே கேள்வி. சிவந்த ஸ்ட்ராபெர்ரியின் மேல் பஞ்சு ஒட்டினாற்போல் சாம்பல் நிறப் பூசணம். "எந்த மருந்து அடிக்கலாம்?" எத்தனை முறைதான் எழுதுவது? அந்தப் பழத்துக்கு மருந்தே கிடையாது.

பழம் பழுத்தது, மழை பெய்தது, பூசணம் பிடித்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பொட்ரைடிஸ் என்ற இந்தப் பூசணம் பெரும்பாலும் பூ விரிந்திருக்கும்போதே தொற்றிவிடுகிறது. வாடும் இதழிலும் மகரந்தத் தாளிலும் ஏறி, பிஞ்சுக்குள் நுழைந்து, காய் பச்சையாக இருக்கும்வரை சத்தமில்லாமல் கிடக்கும். இனிப்பு ஏறி, பழம் மென்மையானதும் கிளம்பும். பூ பழமாக ஏறக்குறைய நான்கு வாரம் ஆகிறது அல்லவா? இன்று கண்ணில் படும் அழுகல் பலநேரம் போன மாத ஈரத்தின் பலன். இப்போது அடிக்கிற மருந்து உங்கள் வாய்க்குத்தான் போகும்.

அடித்தே தீரவேண்டும் என்றால் பூக்கும்போது அடியுங்கள்: பத்தில் ஒரு பூ விரிந்ததும் ஒருமுறை, முழுப் பூப்பில் ஒருமுறை, தேனீக்கள் அடங்கிய பிறகு. மருந்து உறையில் உங்கள் பயிரின் பெயரும், அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாள்கணக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே வகை மருந்தையே திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். மருந்துக்குப் பழகிக்கொள்வதில் பொட்ரைடிஸ் பேர்போனது. இன்னொன்று, கந்தகத் தூள் இலையில் வெள்ளையாகப் படரும் 'சாம்பல் நோய்'க்கானது. பெயரில் சாம்பல் இருக்கிறது என்று இதற்கும் தூவிப் பயனில்லை.

உண்மையான வேலை காற்றோட்டத்தில் இருக்கிறது. ஸ்ட்ராபெர்ரிக்குச் செடிக்குச் செடி 30 முதல் 45 செ.மீ. இடைவெளி. தண்ணீர் காலையில், வேரடியில். சொட்டுநீர் இருந்தால் நல்லது. பழம் மண்ணில் படாதபடி 5 செ.மீ. வைக்கோல் மூடாக்கு. தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் இலை அடர்ந்து, உள்ளே ஈரம் காயாது. காய்ந்த இலைகளைக் கிள்ளிவிடுங்கள், பூசணம் தங்குவதே அதில்தான். ராஸ்பெர்ரியில் காய்த்து ஓய்ந்த தண்டுகளைத் தரையோடு வெட்டி, வரிசையில் மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு தண்டுகள் மட்டும் விடுங்கள். புளூபெர்ரிக்கடியில் சுருங்கி விழுந்த பழங்களைப் பொறுக்கிவிடுங்கள். அடுத்த பருவத்து நோய் அவற்றிலிருந்தும் கிளம்பும்.

எல்லா அழுகலும் சாம்பல் பூசணம் அல்ல. குழிந்த கரும்புள்ளியில் ஆரஞ்சுப் பிசின்போல் கசிந்தால் அது ஆந்த்ராக்னோஸ் என்ற வேறொரு பூசண நோய். பழம் தோல்போல் விறைத்துக் கசந்தால் மண்ணிலிருந்து தெறித்த பைட்டாப்தோரா என்ற நுண்ணுயிரி. அதற்கு வைக்கோலே பாதி வைத்தியம்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை பறியுங்கள். நல்ல பழத்தை முதலில் பறித்துவிட்டு, அழுகியதைக் கடைசியில் தனிப் பையில் கட்டி அகற்றுங்கள். செடியடியில் வீச வேண்டாம், தயவுசெய்து. கழுவாமல் குளிரில் வையுங்கள், சாப்பிடும்போது கழுவினால் போதும். பொட்ரைடிஸ் குளிர்பெட்டியிலும் மெதுவாக வளரும். அதனால் இரண்டு மூன்று நாளில் தின்று முடியுங்கள். பஞ்சு படர்ந்த பழத்தை வெட்டிச் சரிசெய்யப் பார்க்காமல் முழுதாகவே தூக்கிப் போடுங்கள்.